ட்ரயல்ஸ் பக்கம் திரும்பறீங்களா? முதல்ல எடையைப் பாருங்க

ட்ரயல்ஸ்னா ரேஸ் இல்ல. பாறை, மேடு பள்ளத்தைக் கால் ஊன்றாம மெதுவா கடக்கணும். ஒரு தடவை கால் பட்டா ஒரு பாயிண்ட் அபராதம். அதுக்குன்னே செய்யற வண்டி சுமார் 70 கிலோதான், உட்கார சீட்டே இருக்காது. நம்ம ஊர் ஷோரூம்ல அதைப் பார்க்க முடியாது. அதனால, சில வருஷம் விட்டுட்டு திரும்பறவங்க கேக்கறது இதுதான்: ஹிமாலயன் 450-ஆ, எக்ஸ்பல்ஸ் 200 4வி-யா?

ஹிமாலயன் நம்ம சென்னை கம்பெனி வண்டி, 40 பிஎஸ். பாசம் எனக்கும் உண்டு. ஆனா எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் சுமார் 158. பழக்கம் விட்டுப்போனவங்க ஆரம்பத்துல நிறைய விழுவாங்க. ஒவ்வொரு தடவையும் தனியா தூக்கி நிறுத்தணும். பத்தாவது தடவை அந்த 38 கிலோ முதுகுல தெரியும். மேற்கு மாம்பலம் சந்துல தள்ளித் திருப்பினாலே தெரியும்! க்ளட்ச்சைப் பாதி பிடிச்சு ஊர்றதுக்கு எக்ஸ்பல்ஸோட 19 பிஎஸ் தாராளம். லடாக் பிளானும் இருந்தா மட்டும் ஹிமாலயனை யோசிங்க.