மோகனாங்கி: மணமறுப்பும் மறைபொருளும்

துணுக்காய் முதலான வன்னிப் பகுதிகளில் பண்டாரவன்னியனின் வீழ்ச்சி பற்றிப் பேசுவோர் பெண் கேட்ட கதையொன்றையும் சேர்த்தே கூறுவர். அவன் தங்கையைக் காக்கைவன்னியன் மணம் கேட்டான், மறுக்கப்பட்டான், அந்த வஞ்சத்தால் அவனைப் பிரித்தானியருக்குக் காட்டிக்கொடுத்தான் என்பது வாய்மொழி மரபு. 1803 ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் நேர்ந்த தோல்வி இவ்வாறு குடும்பப் பகையின் விளைவாகிவிடுகிறது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் ‘மோகனாங்கி’யின் வரலாற்றுக் களத்திலும் இத்தகைய மணமறுப்பொன்று இருப்பது நமது கவனத்திற்குரியது.

திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய அந்நாவல் 1895இல் சென்னையில் வெளிவந்தது. மதுரை நாயக்கர் மரபினரான சொக்கநாதருக்கும் தஞ்சை இளவரசிக்கும் இடையிலான காதலே அதன் மையம். ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்தினருக்கு அன்று உவப்பாயிருந்த கற்பனாவாதக் காதல் அது.

வரலாறோ இத்துணை இனியதன்று. சொக்கநாதர் பெண் கேட்டதும், விஜயராகவ நாயக்கர் மறுத்ததும், 1673இல் தஞ்சை வீழ்ந்ததும் வரலாறு கூறுவன. மறுப்புக்கான காரணத்தைத் தெலுங்கு மரபுவரலாறு வேறோர் இடத்திற் காட்டுகிறது. முன்னர் திருமலை நாயக்கருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட தஞ்சைப் பெண்ணொருத்தி, அவரது மாளிகையைத் தன் பிறந்தகத்து அரண்மனையோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசியமைக்காகக் குத்திக் கொல்லப்பட்டாளாம். ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்த கொலை இரண்டு அரசுகளின் பகையாயிற்று. போரின் முடிவில் அந்தப்புரப் பெண்டிர் மாற்றார் கையில் அகப்படாதவாறு மாய்க்கப்பட்டனர்; செங்கமலதாசன் என்னும் குழந்தை மட்டும் செவிலியால் நாகபட்டினத்துக்குக் கடத்தப்பட்டு மறைவில் வளர்ந்தது என்பர். காதலியின் அழகை வருணிப்பதிலும் பார்க்க, அச்செவிலியின் துணிவை எழுதியிருப்பின் நமக்கு எத்துணை வலிய நாவல் கிடைத்திருக்கும்!

எனினும், மணம் என்பது இங்கு பொருளாதாரக் காரணிகளை மூடும் வெறுந்திரை என்று கூறி அமைவது இயந்திரப் பாங்கான முடிபாகும். காவிரிப் படுகையின் நெல்வருவாய் மதுரைக்கு வேண்டியிருந்தது. வன்னியின் நிலமும் வரியும் பிரித்தானியருக்கு வேண்டியிருந்தன. ஆயின் நிலவுடைமைச் சமுதாயத்திற் சொத்தும் அதிகாரமும் கைமாறும் வழிகளுள் மணமே தலையாயது. ஆகவே பெண் கொடுக்க மறுத்தல் தனிமனித அவமதிப்பாக மட்டும் அமைவதில்லை. உறவையும் உரிமையையும் ஒருங்கே மறுத்தலாகும்.

செவிலி தஞ்சம் புகுந்த நாகபட்டினம் 1658 முதல் ஒல்லாந்தர் வசமிருந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய அவர்கள், வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர். 1707இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனக் குடும்பச் சொத்தை வகுத்தது. சீதனம் பெற்ற மகள், சகோதரர் இருக்குமிடத்து, பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை இழந்தாள். மோகனாங்கியை முதலில் வாசித்த ஈழத்தவருட் பலரது வீடுகளில் இவ்வழமையே ஆட்சி செலுத்தியது. காதல் மணத்தை ஏட்டில் வியந்த அவர்கள், தம் மகளிரின் மணங்களை உறுதிச்சாசனத்தைப் புரட்டிய பின்னரே முடிவு செய்தனர்.