கம்ப்யூட்டர்களுக்குப் பாதை போட்ட கதை

திருத்தணி அருகே உள்ள அம்மையார்குப்பம் நெசவாளர்கள் ஊர். அங்கே தறியில் இருந்து இறக்கிய சேலையைக் கைப்பேசியில் படம் பிடித்து, சென்னை வியாபாரிக்கு அனுப்பினால், சில வினாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பாதையை முதலில் போட்டது யார்? கம்பெனிகள் அல்ல. அரசாங்கம்!

இரண்டே எழுத்து

அமெரிக்க ராணுவ இலாகா பணம் கொடுத்து, ஆராய்ச்சிக்காக "அர்ப்பாநெட்" என்ற வலையை அமைத்தது. 1969 அக்டோபர் 29-ந் தேதி இரவு, லாஸ் ஏஞ்செல்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு "லாகின்" என்று ஆங்கிலத்தில் தட்டினார். இரண்டு எழுத்து போயிற்று. அதோடு எதிர்ப்பக்கத்து இயந்திரம் படுத்துவிட்டது!

எட்டு இடங்கள்

நம் நாட்டில் 1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை வேலையைத் தொடங்கியது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் கொடுத்தது. வலையின் பெயர் "எர்நெட்".

சென்னை, பம்பாய், டில்லி, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் சீனிவாசன் ரமணி தலைமையில் இருந்த தேசிய சாப்ட்வேர் மையம், மின்னணுத் துறை. ஆக எட்டு இடங்கள்.

அதுவரை வெளிநாட்டு நிபுணரிடம் ஒரு சந்தேகம் கேட்டால், பதில் விமானத் தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும்.

முதலில் பம்பாய் மையமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் சாதாரண டெலிபோன் கம்பியில் கடிதம் அனுப்பிக்கொண்டன. கம்ப்யூட்டர் கடிதங்களைச் சேர்த்து வைக்கும். பிறகு அடுத்த கம்ப்யூட்டருக்கு டெலிபோன் போடும். "மோடம்" என்ற பெட்டி எழுத்தைச் சத்தமாக மாற்றும். அந்தப் பக்கத்து மோடம் சத்தத்தை மறுபடி எழுத்தாக்கும். தபால் மூட்டை கைமாறுவது போலத்தான்! நடுவில் லைன் அறுந்தால் மறுபடியும் டெலிபோன். அந்தக் காலத்து டெலிபோனை அறிந்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

முக்கால் மணி நேரம்

1991-ல் டில்லிக்கும் பம்பாய்க்கும் தனிக் கம்பி கிடைத்தது. வேகம், வினாடிக்கு 9,600 பிட். அதாவது சுமார் 1,200 எழுத்து. கடிதத்துக்கு அது போதும். ஆனால் அம்மையார்குப்பத்துச் சேலைப் படம் ஒன்று 3 எம்.பி. இருந்தால், அந்தக் கம்பியில் போக ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்! அதுவரை மற்றவர் கடிதங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. வேலை தொடங்கி ஒன்பது ஆண்டு. கொஞ்சம் நீண்ட காத்திருப்புதான். அப்போதும், வீட்டில் கம்ப்யூட்டர், மோடம், டெலிபோன் மூன்றும் இருந்தவர்களுக்கே அது கிடைத்தது.