முகவரி எழுதிய நஞ்சு

ஆமணக்குப் புண்ணாக்கை யாரும் அப்படியே மாட்டுக்கு வைப்பதில்லை. வயலுக்கு எருவாகப் போடுவார்கள். விதையை ஆட்டும்போது விளக்கெண்ணெய் தனியே வந்துவிடும். எண்ணெயில் கரையாத ரிசின் என்ற புரதம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்றால் மாட்டின் உயிருக்கே ஆபத்து.

ரிசினுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி பண்ணும். மற்றது உள்ளே போய்க் காரியத்தை முடிக்கும். அந்தக் காரியம் என்ன என்பதை 1987இல் ஜப்பானில் யயெதா எண்டோவின் குழு கண்டுபிடித்தது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது. எலியின் செல்லில் அது 4,700க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்டது. ரிசின் அதில் 4,324ஆவது எழுத்தான அடினினை மட்டும் கிள்ளி எடுக்கிறது. அவ்வளவுதான், அந்த ரைபோசோம் நின்றுபோகும். ஒரே மூலக்கூறு ஒரு நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை முடக்கிவிடும்.

ஐரோப்பாவில் சப்போனாரியா என்றொரு செடி உண்டு. நம் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும். ஒரு காலத்தில் துணி வெளுக்கப் பயன்பட்டது. அதன் விதையிலுள்ள சப்போரின் என்ற புரதமும் (நுரைக்குக் காரணமான சப்போனின் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) அதே அடினினைத்தான் கிள்ளுகிறது. ஆனால், நுழைய வழி பண்ணும் பாகம் இதற்குக் கிடையாது. கையில் கத்தி இருக்கிறது, கதவைத் திறக்கத்தான் ஆளில்லை. அதனால் தனியாக விட்டால் பெரும்பாலான செல்களை இது ஒன்றும் செய்வதில்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேண்டியதும் இதுதான். குறிப்பிட்ட ஒரு செல்லின் கதவை மட்டும் தட்டும் மூலக்கூறை இதோடு ஒட்டிவிட்டால், நஞ்சுக்கு முகவரி கிடைத்துவிடுகிறது.

மூளை ஆய்வில் இதன் பலன் அபாரமானது. தண்டுவடத்தின் மேலடுக்கில் சில நரம்பு செல்கள் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற சிறு புரதத்தை வாங்கிக்கொள்கின்றன. பேட்ரிக் மாண்டியும் கூட்டாளிகளும் அதோடு சப்போரினை ஒட்டி எலிகளின் தண்டுவட நீரில் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் மட்டும் செத்தன. பிறகு பாதத்தில் மிளகாயின் காரப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். காயம்பட்ட இடத்தை லேசாகத் தொட்டாலே உயிர் போகிறதே, அந்த மிகைவலி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் சுரீர் என்று பட்டால் காலை இழுத்துக்கொள்ளும் இயல்பான உணர்வு அப்படியே இருந்தது. காப்பாற்றும் வலிக்கும் வதைக்கும் வலிக்கும் பாதை முழுக்க ஒன்றல்ல என்பது 1997இல் இப்படித் தெரியவந்தது.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ரொனால்ட் வைலி, டக்ளஸ் லாப்பி ஆகியோர் மூளையின் அடிப்பகுதியில் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களைத் தேடிப் போகும் சப்போரினை உருவாக்கியிருந்தார்கள். அல்சைமர் நோயில் அழியும் செல்கள் இவை. இவற்றை மட்டும் அழித்தால் எலி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்பு. மறதி எதிர்பார்த்த அளவு இல்லை. கவனம்தான் தெளிவாகச் சிதறியது. அந்த எதிர்பார்ப்பைத் தந்த பழைய சோதனைகளில் பயன்பட்ட முரட்டு நஞ்சுகள் அக்கம்பக்கத்துச் செல்களையும் சேர்த்து அழித்திருந்தன. புதிய நஞ்சும் அப்பழுக்கற்றதல்ல. அதே கதவு சிறுமூளையின் பர்கின்ஜி செல்களிலும் இருப்பதால், மூளை நீரில் செலுத்தினால் அங்கேயும் சேதம்தான்.

புற்றுநோய்க்கு வந்தால் கதை மாறுகிறது. 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெனிலூகின் டிஃப்டிடாக்ஸ், டிப்தீரியா நஞ்சை ஒரு வகைத் தோல் லிம்போமா செல்களுக்குக் கொண்டுபோனது. 2018இல் இன்னும் இரண்டு மருந்துகள் வந்தன. இரண்டுமே அரிதான ரத்தப் புற்றுநோய்களுக்கானவை. அவற்றில் ஒன்றான மாக்ஸெடுமோமாபை 2023இல் தயாரித்த நிறுவனமே அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. இத்தனை ஆண்டு உழைப்புக்கு இது சொற்ப அறுவடை என்றே எனக்குப் படுகிறது.

ஒரு காரணம், ரத்தக் குழாய்கள் கசிந்து உடலில் நீர் கோத்துக்கொள்ளும் பக்கவிளைவு. பெரிய காரணம் நம் எதிர்ப்பு சக்திதான். செடியிலிருந்தோ கிருமியிலிருந்தோ வந்த புரதத்தை உடல் ஒருமுறை பார்த்தால் அடுத்த முறை காத்திருந்து பிடித்துவிடும். சிறுவயதில் முத்தடுப்பு ஊசி போட்டவர்களிடம் டிப்தீரியா நஞ்சுக்கான எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும். நோயை மட்டும் தேடிச் சென்று தாக்கும் மந்திரத் தோட்டாவைக் கனவு கண்ட பால் எர்லிக், ரிசினைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் சுண்டெலிகள் அதற்கு அசையாமல் நிற்கும் என்பதை 1891இலேயே காட்டியவர். கனவும் அதன் முட்டுக்கட்டையும் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்கின்றன!

கட்டியைக் கரைக்கத் திரும்பத் திரும்ப மருந்து வேண்டும். நரம்பு செல் அப்படியல்ல, ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை; அங்கே ஒரு ஊசி போதும். எலும்புப் புற்றுநோயால் அவதிப்பட்ட 70 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. வழக்கமான வலி மருந்து எல்லாவற்றுக்கும் உண்டு. பாதி நாய்களுக்குக் கூடுதலாக, மாண்டி எலிகளுக்குச் செலுத்திய அதே கலவை தண்டுவட நீரில் ஏற்றப்பட்டது. மருந்து மட்டும் பெற்றவற்றில் ஏறக்குறைய நாலில் மூன்றுக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சையை மாற்றவோ கருணைக்கொலை செய்யவோ வேண்டி வந்தது. ஊசியும் போட்டவற்றில் அது நாலில் ஒன்றுதான். அந்த ஊசி கட்டியின் பக்கமே போகவில்லை.