நத்தார் விடுமுறைக்கு முந்திய கிழமை

பலேர்மோ துறைமுகத்தை அண்டிய தெருக்களில் குடியிருக்கும் எம்மவர் பிள்ளைகளின் வாயில் டிசம்பர் பிறந்தால் விடுமுறைப் பேச்சுத்தான். 23ஆம் திகதி அளவில் பள்ளிக்கூடம் பூட்டினால், ஜனவரி 6 எப்பிபானியா பெருநாள் கழிந்துதான் திறக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓடுகிற எங்களுக்கோ யோசனை. "இரண்டு கிழமையில் படித்ததெல்லாம் மறந்துபோகுமே, இத்தாலி மொழி தெரியாத நாங்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?" என்று புதிதாக வந்த பெற்றோர் கேட்கிறார்கள்.

இதற்கு மறுமொழி பிள்ளையின் கொப்பிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விடுமுறைக்கு முன் என்ன படிக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் சொல்வதெழுதல். இத்தாலிய அரிச்சுவடியில் 21 எழுத்துக்கள்தான். ஆனால் இரட்டை எழுத்தில் இத்தாலியப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' பாட்டனார். பலி, பல்லி, கனம், கன்னம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையின் காதுக்கு இது பழகிய விஷயம். இத்தாலி படிக்கட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஒலிக்காத எழுத்து. ஆங்கிலத்தில் நாங்கள் 'எச்' என்று படித்த எழுத்துக்கு இங்கே பெயர் 'அக்கா'! 'அன்னோ' என்றால் ஆண்டு. அதன் முன்னால் அக்காவைப் போட்டு எழுதினால் 'அவர்களிடம் இருக்கிறது' என்று பொருள். ஒலி ஒன்றுதான், எழுத்துத்தான் வேறு. எங்கள் அக்கா பேசமாட்டா என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை சிரித்துக்கொண்டே நினைவில் வைத்திருக்கும்.

பிறகு வாய்ப்பாடு. இதற்கு மொழி தடையல்ல. சமைக்கும்போது தமிழில் கேட்டாலும் விடை ஒன்றுதான்.

டிசம்பர் 13 சாந்தா லூச்சீயா திருநாள். அன்று பலேர்மோ மக்கள் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். அவித்த கோதுமையில் செய்யும் குச்சீயாவும், சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சீனாவும் சாப்பிடுவார்கள். 1646இல் நகரம் பஞ்சத்தில் கிடந்தபோது, அன்றைய நாளில் இந்தத் துறைமுகத்துக்குத் தானியக் கப்பல் ஒன்று வந்ததாம். அரைக்கும்வரை பொறுக்க முடியாத சனங்கள் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்களாம். ரீச்சர் இந்தக் கதையைச் சொல்ல, பிள்ளைகள் கப்பல் கீறுகிறார்கள்.

கப்பலுக்குக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதா? 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை பூட்டப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மாவும் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தன. கப்பல் வந்ததா என்று விசாரித்துக்கொண்டு சங்கக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் எங்களில் எத்தனை பேர்! இங்கே பிறந்த பிள்ளைக்கு இது தெரியாது. பிள்ளை தன் கப்பலைக் காட்டும்போது எங்கள் கப்பலின் கதையையும் சொல்லுவோம். பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் சொல்ல அதற்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கும். கடைசி வாங்கில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய பலம்.

விடுமுறைக்கென்று வீட்டுப்பாடமும் மனனம் செய்ய ஒரு நத்தார்ப் பாட்டும் தருவது வழக்கம். கடைசி நாளில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். பாட்டின் பொருள் விளங்காவிட்டாலும், பிள்ளை சொல்ல இருந்து கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும்.

இன்னும் ஒன்று. இத்தாலிக்குப் புதிதாக வந்த பிள்ளையை ஆண்டின் நடுவிலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். வதிவிடப் பத்திரம் கைக்கு வராவிட்டாலும் பிள்ளைக்குப் படிக்கும் உரிமை உண்டு என்று 1999ஆம் ஆண்டின் 394ஆம் இலக்க ஆணை சொல்கிறது. ஆகவே பத்திரம் வரட்டும் என்று பார்த்திருக்காமல், விடுமுறைக்கு முன்பே பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள்.