கணக்குப் போட ஒரு எண், கண்ணுக்குக் காட்ட ஒரு எண்

கோபால் என்றதும் யாரோ ஒரு ஆள் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு கம்ப்யூட்டர் மொழி. 1959-ல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி இதற்கான வேலையைத் தொடங்கியது. 1960-ல் முதல் வரையறை வெளிவந்தது. கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் உருவாக்கிய ஃப்ளோமேட்டிக் மொழிதான் இதற்கு அடிப்படை. பழைய சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பணக் கணக்கை எப்படி வைக்க வேண்டும் என்பதை இந்த மொழி போல் தெளிவாகச் சொல்லித் தருவது வேறு இல்லை. நீங்கள் எக்செல்லில் கணக்கு வைத்தாலும் இதே விஷயம்தான்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் வழியில் உள்ள அவிநாசிபாளையத்தில் ஒரு சிறிய பனியன் ஜாப் ஒர்க் யூனிட் இருப்பதாக வைத்துக் கொள்வோம். சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட் கணக்கு. இதற்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும்.

பிக்சர் என்றால் என்ன?

கோபாலில் ஒவ்வொரு தகவலுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஃபீல்டு என்று பெயர். அதன் அளவைச் சொல்வது பிக்சர், சுருக்கமாக பிக். 9 என்று போட்டால் ஒரு இலக்கம். எக்ஸ் போட்டால் எந்த எழுத்தும் வரலாம். சம்பளத்துக்கு பிக் 9(4)வி99 என்று எழுதினால், ரூபாய்க்கு 4 இலக்கம், பைசாவுக்கு 2 இலக்கம். (புரோகிராமில் இதை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

நடுவில் உள்ள வி-யைக் கவனியுங்கள். புள்ளி அங்கே இருப்பதாக வைத்துக்கொள் என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். உண்மையில் புள்ளி எதுவும் சேமிக்கப்படாது. 1234.56 என்ற தொகை உள்ளே 123456 என்றே இருக்கும். கணக்குக்கு இது சரி. ஆனால் சம்பளச் சீட்டில் இப்படியே பிரிண்ட் ஆனால், வாங்குபவர் ஒரு லட்சத்துக்கு மேல் என்று சந்தோஷப்பட்டு விடுவார்!

அதனால் பிரிண்ட் செய்ய மட்டும் இன்னொரு ஃபீல்டு வைப்பார்கள். அதன் பிக்சரில் உண்மையான புள்ளியும் கமாவும் இருக்கும். உதாரணத்துக்கு **,**,**9.99 என்று கொடுத்து, 125430.50 என்ற தொகையை மூவ் கட்டளை மூலம் அதற்கு அனுப்புங்கள். *1,25,430.50 என்று வரும். 845.50-ஐ அனுப்பினால் ******845.50. செக் எழுதும்போது முன்னால் யாரும் ஒரு இலக்கம் சேர்த்துவிடாமல் இருக்கத்தான் இந்த நட்சத்திரங்கள். நட்சத்திரத்துக்குப் பதில் இசட் போட்டால் அந்த இடம் வெற்றாக இருக்கும். கமாவை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம் என்பதால், நம்முடைய லட்சக் கணக்கு முறை 1960-களின் மொழியிலேயே சிரமமில்லாமல் வந்துவிடுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அலங்கார ஃபீல்டை வைத்து மேற்கொண்டு கூட்டவோ கழிக்கவோ முடியாது. விடையைப் போட்டு வைக்கலாம். அதிலிருந்து எடுத்துக் கணக்குப் போட முடியாது. கம்பைலர் பிழை காட்டும்.

பணம் எங்கே தொலைகிறது?

தீபாவளி போனஸ் சேர்ந்து ஒருவருக்கு 12,450 ரூபாய் வருகிறது. நம் ஃபீல்டில் ரூபாய்க்கு 4 இலக்கம்தான். மூவ் செய்தால் முன்னால் உள்ள 1 சத்தமில்லாமல் விழுந்துவிடும். சீட்டில் 2,450 ரூபாய். எந்த எச்சரிக்கையும் வராது. கூட்டல், பெருக்கல் கட்டளைகளில் மட்டும் ஆன் சைஸ் எரர் என்று சேர்த்துப் பிடிக்கலாம். 2000-ம் ஆண்டு பிரச்சினையும் இதே ஜாதிதான். ஆண்டுக்கு இரண்டு 9 மட்டும் ஒதுக்கியதன் பலன்.

அடுத்தது அட்வான்ஸ். சம்பளம் 1,500, பிடிக்க வேண்டிய அட்வான்ஸ் 2,000. விடை மைனஸ் 500. பிக்சரின் முன்னால் எஸ் போடாவிட்டால் மைனஸ் குறி காணாமல் போய் 500 என்று நிற்கும். தர வேண்டியவர், வாங்க வேண்டியவராகி விடுவார்.

மூன்றாவது, பைசா. ஓவர்லாக் டெய்லருக்கு டஜனுக்கு 37.50 ரூபாய் கூலி என்றால் ஒரு பீஸுக்கு 3.125. பைசாவுக்கு இரண்டு இலக்கம் மட்டும் ஒதுக்கியிருந்தால் 3.12 என்று வெட்டப்படும். 1,000 பீஸுக்கு 3,125 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 3,120. ரவுண்டட் என்று சேர்த்தால் 3.13 ஆகி 3,130 வரும். இப்போது ஓனருக்கு நஷ்டம். ரேட்டுக்கு பிக் 99வி9999 என்று இடம் கொடுத்து, கடைசித் தொகையை மட்டும் ரவுண்டு செய்வதே நியாயம். ஐந்து ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. அது வாரா வாரம், ஒவ்வொரு டெய்லருக்கும் வரும்.

எக்செல்லில் எப்படி?

எக்செல்லிலும் செல்லில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. பைசாவைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் 3.125 என்பது 3.13 என்று தெரியும்; ஆனால் கணக்கு 3.125-க்குத்தான் நடக்கும். கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் தப்பு என்று சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான். நிஜமாகவே இரண்டு இலக்கமாக்க ரவுண்டு ஃபார்முலா போட வேண்டும்.

கமா மில்லியன் கணக்கில் விழுகிறதா? விண்டோஸின் ரீஜன் அமைப்பில் இங்கிலீஷ், இந்தியா என்று தேர்வு செய்யுங்கள். 1,25,430 என்று வந்துவிடும்.

எண் செல்லின் இடது ஓரமாக ஒட்டி நின்று, மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், எக்செல் அதை எழுத்தாக எடுத்துக் கொண்டிருக்கிறது. கோபாலின் எக்ஸ் மாதிரி. சம் ஃபார்முலா அதைக் கூட்டாமலே போய்விடும்.

எழுத்தாகவே இருக்க வேண்டிய எண்களும் உண்டு. லாட் நம்பர் 0047 என்று டைப் செய்தால் 47 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். ஆட்களின் கணக்கு எண்களை டைப் செய்வதற்கு முன்பே அந்தக் காலம் முழுவதையும் தேர்வு செய்து, கன்ட்ரோல் + 1 அழுத்தி, டெக்ஸ்ட் என்று மாற்றிக் கொள்ளுங்கள். டைப் செய்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது.