தவிட்டோடு போகும் சத்தும் வீட்டுக்கு வரும் நீரிழிவும்

உழவியல் கற்பிக்கும் ஒருவன் நோயைப் பற்றியும் உணவைப் பற்றியும் எழுதலாமா என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். சென்ற சம்பா அறுவடையின்போது, திருக்கழுக்குன்றம் பகுதியில் ஏரிப்பாசனக் கிராமம் ஒன்றுக்கு வயலாய்வுக்காகச் சென்றிருந்தேன். களத்து மேட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க உழவர் ஒருவர் காலில் கட்டுடன் அமர்ந்திருந்தார். குதிகாலில் கருவேல முள் ஏறி முறிந்து, இரண்டு நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். "வலிக்கவே இல்லீங்க சார்" என்றார்.

வலிக்காததுதான் ஆபத்து. கவனிக்கப்படாத நீரிழிவு, அதாவது சர்க்கரை நோய், அவர் கால் நரம்புகளைக் கெடுத்திருந்தது. சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலுடன் நடந்து பிழைப்பவருக்குக் காலில் உணர்ச்சி போனால், சிறு காயமும் ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "நான் இனிப்பே தொடுறதில்ல. மூணு வேளையும் நம்ம நெல்லுச் சோறுதான். எனக்கு எப்படி வந்தது?" அதற்கு விடை கூறவே இக்கட்டுரை.

பட்டணத்து நோய் அல்ல

நீரிழிவு பட்டணத்தாருக்கே வரும் நோய் என்று எண்ணுவது தவறு. நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர்தியில் சென்று பரிசோதனை செய்தனர். 2012-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட 23,449 பேரில் 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. மேலும் 3,410 பேர் நோயின் வாயிற்படியில், அதாவது முன்நிலையில் இருந்தனர். இருபது பேரில் ஒருவருக்கு நோய். ஏழு பேரில் ஒருவருக்கு அதன் அறிகுறியற்ற தொடக்கம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என்றும், முன்நிலையில் உள்ளோர் 13.6 கோடி என்றும் மதிப்பிட்டுள்ளது.

பரம்பரை, வயது, உடற்பருமன் ஆகியவையும் காரணங்களே. ஏற்றம் இறைத்து, நாற்று நட்டு, கதிரறுத்த உடலுழைப்பு இயந்திரங்களால் குறைந்துவிட்டது. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவு குறையவில்லை. அதன் தன்மையும் மாறிவிட்டது.

ஆலையில் நடப்பது என்ன?

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமியாகப் போகும். உமி மட்டும் நீங்கிய அரிசி பழுப்பு நிறமாக இருக்கும். அதன் மேலுள்ள தவிட்டையும் முளைக்கருவையும் தீட்டி எடுத்தால் மேலும் 8 முதல் 10 கிலோ கழிந்து, வெள்ளை அரிசி சுமார் 70 கிலோ கிடைக்கும். நார்ச்சத்தும், பி வகை வைட்டமின்களும், தாதுச் சத்துகளும் பெரிதும் அந்தத் தவிட்டிலும் கருவிலும்தான் இருக்கின்றன. உரலில் குத்திப் புடைத்த காலத்தில் தவிடு முழுவதும் போகவில்லை. இன்று நாம் பாடுபட்டு விளைவித்த நெல்லின் சத்தான பாகம் மாட்டுத் தொட்டிக்கும் எண்ணெய் ஆலைக்கும் போக, மாவுச்சத்து மட்டும் மிகுந்த பாகம் நம் பானைக்கு வருகிறது.

நார்ச்சத்து செய்யும் வேலை

மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மடையை முழுவதும் திறந்துவிட்டால் வரப்பு உடைவது போல, தீட்டிய அரிசிச் சோறு விரைவில் செரித்து, சர்க்கரையை ஒரே பாய்ச்சலாக இரத்தத்தில் சேர்க்கிறது. அதைச் சமாளிக்கக் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்க வேண்டியுள்ளது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், இன்சுலினுக்கு உடல் பணியாத நிலை உள்ளவர்களுக்குக் கணையம் தளர்ந்து நோய் வெளிப்படுகிறது. நார்ச்சத்து மடைப்பலகை போன்றது. செரிமானத்தை நிதானப்படுத்தி, சர்க்கரையைச் சிறுகச் சிறுக விடுகிறது. குறைந்த சோற்றிலேயே வயிறு நிறைந்த உணர்வையும் தருகிறது.

இதற்குச் சான்று சென்னையிலேயே உண்டு. 2014-இல் வெளியான ஆய்வொன்றில், உடல் எடை மிகுந்தவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி உணவு கொடுத்தபோது, இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. அத்துடன் பயறும் சேர்த்தபோது குறைவு சுமார் 23 விழுக்காடாயிற்று. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், வெள்ளைச் சோறு மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு அதிகம் வருவது தெரிந்தது. இத்தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருந்தது.

எதில் எவ்வளவு நார்?

நூறு கிராம் தானியத்தில் உள்ள நார்ச்சத்து ஏறக்குறைய வருமாறு:

தீட்டிய பச்சரிசி – 3 கிராம்
தீட்டாத அரிசி – 4.5 கிராம்
மைதா – 3 கிராம்
முழுக் கோதுமை – 11 கிராம்
கேழ்வரகு – 11 கிராம்
கம்பு – 11.5 கிராம்
சோளம் – 10 கிராம்
முழுப் பச்சைப்பயறு – 17 கிராம்
தோல் நீக்காத உளுந்து – 20 கிராம்

நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்துள்ளது. வெள்ளைச் சோறும் நீர்த்த குழம்பும் மட்டும் உண்டால் இந்த அளவை எட்ட முடியாது என்பது மேற்கண்ட கணக்கிலேயே விளங்கும்.

செய்ய வேண்டியவை

1. வீட்டுக்கு அரைக்கும் நெல்லை உமி மட்டும் நீக்கித் தரும்படி, அல்லது லேசாக மட்டும் தீட்டும்படி ஆலைக்காரரிடம் கூறுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இவ்வரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத் தேவைக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம். சமைக்குமுன் சில மணி நேரம் ஊறவைத்து, நீர் சற்று அதிகம் விட்டு வேகவையுங்கள்.

2. தீட்டாத அரிசி பிடிக்காவிட்டால், பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

3. நியாயவிலைக் கடை அரிசியையே நம்பியிருப்போர் சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், பயறு, கீரை, அவரை, கத்தரி ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

4. நாளில் ஒரு வேளையாவது கேழ்வரகு அல்லது கம்பு உண்ணுங்கள். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழ் மற்ற மாதங்களிலும் நம் வீட்டில் இருக்கட்டும்.

5. கிணற்று வசதியுள்ளோர் பத்து சென்டு நிலத்தில் வீட்டுக்கென்று கேழ்வரகு பயிரிடலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை என்ற கணக்கில் 200 கிராம் போதும். 17 முதல் 20 நாள் நாற்றை நடவு செய்யுங்கள். ஏக்கருக்கு 1,000 கிலோ என்று கொண்டால் பத்து சென்டில் 100 கிலோ கிடைக்கும். நாளுக்கு அரைக் கிலோ வீதம் அது ஒரு குடும்பத்துக்கு 200 நாள் வரும். வரப்பில் உளுந்தோ துவரையோ ஊன்றினால் பயறும் வீட்டிலேயே கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

சிறுதானியம் மருந்தல்ல, அதிலும் மாவுச்சத்து உண்டு. கேழ்வரகை நைஸாக அரைத்து, சலித்து, நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். சலிக்காத மாவில் களியாகவோ அடையாகவோ செய்து அளவோடு உண்பதே நல்லது. தினைப் பொங்கலில் வெல்லத்தைக் கொட்டினால் பயனில்லை. ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்போர் உணவை மாற்றியதால் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பிறகே பயறு வகைகளைக் கூட்ட வேண்டும்.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது அவசியம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கருதி, மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள். முன்நிலை என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். சென்னையில் 531 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டதால், நோயாக முற்றும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது.

முள் தைத்த அந்த உழவரின் புண் மருந்தினால் ஆறிவிட்டது. போன உணர்ச்சி திரும்பவில்லை. இப்போது காலணி அணிந்தே வரப்பில் நடக்கிறார். இரவு தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார். தம் மகன் வீட்டுக்கு அரைக்கும் நெல்லைத் தீட்ட வேண்டாமென்று ஆலையில் சொல்லிவிட்டார்.

பூச்சி வருமுன் வயலைச் சுற்றிப் பார்ப்பவர் தாங்கள். அதே விழிப்பு வீட்டுப் பானையிலும் இருக்கட்டும். அடுத்த முறை நெல் மூட்டையை ஆலைக்கு ஏற்றும்போது, வீட்டுக்கு ஒரு மூட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். அதைத் தீட்டாமல் வாங்கி வாருங்கள்.