கிணற்றடியும் குளியலறையும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்னாளிற் குளியலறை என்று தனியறை இருப்பது அருமை. கிணற்றடியே குளிக்குமிடம். ஆடவர் துலாவினால் நீரள்ளித் தலையில் வார்ப்பர். மகளிர் குறுக்குக்கட்டுடன் கிடுகு மறைப்பினுள் நீராடுவர். மேனியிற் பட்டு வழிந்த நீர் வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் தென்னைக்கும் பாயும்.

இன்று அந்நிலை விரைந்து மாறிவருகின்றது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தினால் எழும் புதுவீடுகளில் படுக்கையறையை ஒட்டியே குளியலறையும் மலசலகூடமும் ஒருங்கே அமைகின்றன. குளிக்கும் தொட்டியோ தடுப்புப் படியோ இன்றி, தரை முழுவதும் நனைவதற்கென்றே அமைத்து, நீர் ஒரு பக்கம் சரிந்தோடும்படி கட்டும் அறையை மேலைநாட்டார் ‘வெட்றூம்’ என்று பெயரிட்டுப் புதுமையாகப் போற்றுகின்றனர். நமக்கு இது புதுமையன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மொகஞ்சதாரோ வீடுகளிலேயே செங்கல் பாவிய குளியற்றளமும், நீர் வெளியேறும் வடிகாலும் இருந்தன.

இவ்வறையின் நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. இரவில் மழையிலும் இருளிலும் முதியோர் முற்றத்தைக் கடந்து செல்லவேண்டியதில்லை. படியில்லாத தரையாதலின் சக்கர நாற்காலியிலிருப்போரும், போரிற் காலிழந்தோரும் பிறர் கைத்தாங்கலின்றி உட்செல்லலாம். மருத்துவமனை, முதியோர் இல்லம், மாணவர் விடுதி ஆகியவற்றிற்கும் இதுவே ஏற்றது. ஆயின், தரையோடு வழுக்காததாயும், சுவரிற் கைபிடி உள்ளதாயும், ஓட்டின் கீழ் நீர் கசியாத பூச்சு உடையதாயும் இருத்தல் வேண்டும். தரை 60 அங்குல நீளத்துக்கு ஓரங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிதலும் வேண்டும்.

இவையனைத்தையும் நல்ல மேசன் அறிவார். வடிகாலிற் புகுந்த நீர் எங்கே போகின்றது என்பதை மட்டும் வீட்டுக்காரரே கேட்டறிய வேண்டும். இக்கேள்வியின் அருமையை உணர்த்த நெடுந்தீவைப்போற் சிறந்த இடம் வேறில்லை.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் சென்றால் நெடுந்தீவு. பரப்பு 50 சதுர கிலோமீற்றர் அளவினது. முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்குப் பெயர்பெற்ற இத்தீவில் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறிவரும். தீவிற் பல கிணறுகள் உவராக, சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்கு நெடுங்காலம் புகழ்பெற்று நிற்பதன் அருமை இதனால் விளங்கும்.

வாளியில் அள்ளிக் குளிப்பவருக்கு 20 லீற்றர் போதும். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் சொரியும் சவரின் கீழ்ப் பத்து நிமிடம் நின்றால் 100 லீற்றர் தீர்ந்துவிடும். இது முதற் கேடு. இரண்டாவது இதனிலும் பெரிது. குளியலறையும் மலசலகூடமும் ஒன்றானபின், இரண்டின் நீரையும் ஒரே குழியில் விடுவது எளிதாகிவிட்டது. சுண்ணக்கல்லோ வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. குழிநீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டப் பசளையும் மலக்குழிகளுமே அதற்குக் காரணம் என்பர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் பாலைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

ஆதலின் குளியலறையை விலக்குக என்று நாம் கூறவில்லை. குளித்த நீருக்கு ஒரு குழாயும் மலக்கழிவுக்கு வேறொரு குழாயும் வைத்திடுக. முன்னதைத் தென்னையடிக்கு விடுக. பின்னதற்குக் கசியாத தொட்டி கட்டி, கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமைத்திடுக. கூரையில் விழும் மாரிநீரைத் தாங்கியிற் சேர்த்திடுக. மாணவர்கள் இன்றே தத்தம் வீட்டுக் குளியலறைக் குழாய் சென்று முடியும் இடத்தைத் தேடிப்பார்த்து, அங்கிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி என்று அளந்து பெற்றோரிடம் கூறுவார்களாக.